மாமரத்தில் ஒரு நெசவாளர் சங்கம்

சென்ற சித்திரைத் திங்களில் நமது குமரி மாவட்டத்துக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. வாசகர்களுள் சிலர் ஊகித்துக்கொள்வராயின் அது அவர்கள் பாடு. சங்கக் கட்டடத்தின் பின்புறம் பாவு விரிக்கும் முற்றமும், முற்றத்தின் ஓரத்தில் பழைய மாமரம் ஒன்றும் உண்டு. மின்சாரம் நின்றுபோனதால் நூல் இருப்புப் புத்தகத்தையும் கூலிப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு அம்மரத்தடியில் அமர்ந்தோம். அமர்ந்த சிறிது நேரத்திற்கெல்லாம் பிடரியில் நெருப்புப் பட்டாற்போல் ஒரு கடி. இக்கட்டுரை பிறந்தது அக்கடியிலிருந்துதான்.

கடித்தது முசுறு. பழந்தமிழில் இதற்கு முயிறு என்று பெயர். நற்றிணையிலேயே முயிறு மொய்த்த இலைக்கூடு பேசப்படுகிறது. செம்மஞ்சள் நிறத்தில், நீண்ட கால்களோடு, மாவிலும் பலாவிலும் முந்திரியிலும் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டி வாழும் இவ்வெறும்பை அறியாத விவசாயி நம் நாட்டில் இல்லை. காரியதரிசி ஓடிவந்து, "இன்றைக்கே பந்தம் கொளுத்திச் சுட்டுவிடுகிறோம் சார்" என்றார். அங்கே தார் சுற்றிக்கொண்டிருந்த முதிய அங்கத்தினர் ஒருவர் உடனே மறுத்தார். அவருக்குத் தறியும் உண்டு, வீட்டருகே சிறு தென்னந்தோப்பும் உண்டு. "மக்களே, தீ மட்டும் வைக்காதே. கடிக்கும்தான். ஆனால் அது நின்ற மரத்தில் புழு நிற்காது" என்றார் அவர். "பாவு விரிக்கிற பெண்களைக் கடிக்கிறதே பாட்டா, அதற்கு என்ன சொல்லுகிறீர்கள்?" என்றார் காரியதரிசி. வழக்கு வளர்ந்தது. தீர்ப்பை எம்மிடம் விட்டனர். கல்லூரியில் விலங்கியல் படித்த குற்றத்திற்காக, கணக்கை மூடி வைத்துவிட்டு ஒரு நாழிகை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தாழ்ந்த கிளையொன்றில் புதுக்கூடு கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. முதலில் ஓரிரு எறும்புகள் இலையின் விளிம்பைப் பற்றி இழுத்துப் பார்க்கின்றன. இலை சிறிது வளைந்து கொடுக்குமாயின் அருகில் திரிபவை வந்து பக்கத்தில் வரிசையாகப் பற்றுகின்றன. பின்கால்களால் ஓர் இலையையும் வாயால் மற்றோர் இலையையும் பிடித்துக்கொண்டு ஒரே சமயத்தில் இழுக்கின்றன. இரண்டு இலைகளுக்கும் இடையேயுள்ள தூரம் ஓர் எறும்பின் உடல் நீளத்தை மிஞ்சுமாயின், ஒன்றன் இடுப்பை மற்றொன்று வாயால் கவ்வ, அதன் இடுப்பை இன்னொன்று கவ்வ, உயிர்ச் சங்கிலியாகத் தொங்கி இழுக்கின்றன. விளிம்பும் விளிம்பும் ஒட்டியதும் வேறு சில எறும்புகள் பழைய கூட்டிலிருந்து வெண்ணிறப் புழுக்களை வாயில் ஏந்தி வருகின்றன. அவை அவ்வெறும்புகளின் இளம் தங்கையரே. உணர்கொம்பால் தட்டியவுடன் புழு தன் வாயருகிலிருந்து பட்டிழையை வெளிவிடுகிறது. எறும்பு அப்புழுவை இவ்விளிம்பிலிருந்து அவ்விளிம்புக்கும், அங்கிருந்து மீண்டும் இங்குமாகக் கொண்டு செல்லுகிறது. நம் தறியில் நாடா ஓடுவதை அப்படியே நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே நாடாவும் தாரும் நூலும் எல்லாம் ஓர் உயிருள்ள குழந்தை. சிறிது பொழுதில் இலைகளுக்கிடையே வெள்ளைத் துணி ஒன்று படிந்துவிடுகிறது.

இதில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. எறும்பினத்தில் பலவகைகளின் புழுக்கள் இவ்விழையால் தம்மைச் சுற்றிக் கூடு நூற்றுக்கொண்டு, அதனுள் உறங்கி, எறும்பாக வெளிவரும். முயிற்றின் புழுவோ தன் இழை முழுவதையும் பொதுக்கூட்டிற்குக் கொடுத்துவிடுகிறது. தனக்கென ஒரு கூடு நூற்பதில்லை. திறந்த மேனியாகவே இலை வீட்டினுள் கிடந்து வளர்கிறது. அந்த ஆடைதான் எல்லோருக்கும் கூரை. நெய்தவன் இடுப்பில் கந்தல் என்பது நம் தெருக்களில் நெடுங்காலம் கண்ட காட்சியே. ஆனால் நம்மவர்க்கு அது விரும்பி வந்ததன்று.

இந்நெசவு 1770ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியக் கரையில் ஜோசப் பாங்க்ஸ் என்ற ஆங்கில இயற்கை ஆய்வாளரின் கண்ணில் பட்டது. காப்டன் குக்கின் கப்பலில் சென்றவர் அவர். சீனர்களோ அதற்கும் வெகு காலத்துக்கு முன்பே இவ்வெறும்பைத் தோட்டத்திற்கு வேலைக்காரனாக வைத்துக்கொண்டனர். கி.பி. 304ஆம் ஆண்டினதாகக் கருதப்படும் சீனத் தாவர நூலொன்று, தென் பகுதிச் சந்தைகளில் எறும்புக் கூடுகளைப் பையிலிட்டு விற்றதையும், இவ்வெறும்பு இல்லாத ஆரஞ்சு மரத்துக் கனிகள் பூச்சிகளால் கெட்டுப்போவதையும் எழுதிவைத்திருக்கிறது. பிற்காலத்தில் மரத்துக்கு மரம் மூங்கிற்கழி கட்டிப் பாலம் அமைத்தும் கொடுத்தனர். பூச்சியைப் பூச்சியால் அடக்கும் முறைக்கு உலகில் கிடைக்கும் மிகப் பழைய சான்று இதுவே என்பர். சாலமன் தீவுகளில், தென்னங்குரும்பையின் சாற்றை உறிஞ்சி உதிரச் செய்யும் ஒருவகை நாவாய்ப்பூச்சியை முயிறு தடுக்கிறது என்று ஆராய்ந்து கண்டிருக்கின்றனர். ஆகவே பாட்டாவின் கூற்று வெறும் பழங்கதையன்று. மற்றொரு பக்கமும் உண்டு. முயிறு தன் இனிப்புத் தேவைக்காக மாவுப்பூச்சிகளையும் செதிற்பூச்சிகளையும் மாடு வளர்ப்பதுபோல் காத்து வளர்க்கும். அதனால் சில பயிருக்குக் கேடும் விளையும். ஒடிசாவின் மயூர்பஞ்சில் இவ்வெறும்பை அரைத்துத் துவையலாக உண்கின்றனர்; 2024இல் அத்துவையலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பிடரி எரிந்துகொண்டிருந்த அவ்வேளையில் அச்செய்தி எமக்குச் சிறிது ஆறுதலாகவே இருந்தது.

மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எமக்கு அம்முற்றத்தில் மூன்றாண்டுகளுக்கு முன் நடந்த ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. அது எமது தவறு பற்றியது, ஆகையால் சொல்லலாம்.

கையால் பாவுக்குக் கஞ்சி போடும் வேலையை அறிந்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. விடியுமுன் பாவை நீள விரித்து, கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுமுன் பலர் சேர்ந்து நின்று நூலுக்கு நூல் ஒட்டாதபடி தடவி ஆற்றவேண்டும். நேரம் தவறினால் கஞ்சி இறுகும், இழை அறும், அதன் பலன் தறியில் உட்கார்ந்திருப்பவன் தலையில் விழும். அச்சங்கத்தில் முன்னர் ஒவ்வொரு பாவுக்கும் இன்னார் இன்னார் என்று பிரித்துக் கூலி கொடுத்துவந்தனர். எமது ஆய்வுக் குறிப்பில், இது கூட்டுறவு நெறிக்குப் பொருந்தாது. அனைவரும் சேர்ந்து செய்து கூலியைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளுதலே முறை என்று எழுதினோம். எழுதியபோது எறும்பை உவமையாகவும் காட்டியிருந்தோம் என்பதைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஆறு மாதத்திற்குள் முற்றம் மெலிந்தது. முன்பு நான்கு மணிக்கு வந்தவர் ஐந்துக்கு வந்தனர். ஐந்துக்கு வந்தவர் விடிந்தபின் வந்தனர். ஒரே ஓர் அம்மையார் மட்டும், கணவரை இழந்தவர், பழையபடியே நான்கு மணிக்கு வந்து கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். மற்றவர் வந்து சேரும்வரை பாவு காத்திராதல்லவா? பெரும்பகுதியை அவரே செய்தார். பங்கு மட்டும் எல்லோருக்கும் ஒன்றே. ஓராண்டு பொறுத்தார். பின்னர்ப் பங்குத் தொகையைத் திருப்பிக் கேட்டு மனுக் கொடுத்துவிட்டு விலகிச் சென்றார். மனுவில் காரணம் என்ற இடத்தில் "உடல்நலமின்மை" என்று எழுதப்பட்டிருந்தது. அதை நம்பி, நல்ல சங்கம் என்று மேலே அறிக்கை அனுப்பினோம்.

இவ்விஷயத்தை நூற்றாண்டுக்கு முன்னரே அளந்து பார்த்தவர் ஒருவர் உண்டு. பிரான்சு நாட்டு வேளாண் பொறியியலாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் என்பவர், ஆட்களைக் கயிறு இழுக்கச் செய்து, இழுவிசையைக் கருவியால் கணக்கிட்டு 1913இல் வெளியிட்டார். தனியே இழுக்கும் ஒருவனது வலிமை 100 என்று கொண்டால், இருவர் சேர்ந்து இழுக்கும்போது ஆளுக்கு 93 ஆயிற்று; எட்டுப் பேர் சேர்ந்தபோது ஆளுக்கு 49 ஆகிவிட்டது. எட்டுப் பேர் இழுத்த இழுவை நான்கு பேர் இழுவைக்கும் எட்டவில்லை. ஒருங்கே ஒரே நொடியில் இழுக்கத் தெரியாமையும் இதற்கு ஒரு காரணம் என்று அவர் கருதினார். ஆனால் 1974இல் அமெரிக்காவில் வேறொரு சோதனை செய்தனர். ஒருவனைக் கண்ணைக் கட்டிக் கயிற்றின் முன்முனையில் நிறுத்தி, பின்னால் மற்றவரும் இழுக்கின்றனர் என்று நம்பச் செய்தனர். உண்மையில் பின்னால் நின்றவர் இழுப்பதாக நடித்தனரேயன்றி இழுக்கவில்லை. அப்போதும் அவன் இழுவை குறைந்தது. ஆகவே கயிற்றிலும் காலடியிலும் மட்டும் குறையில்லை, நெஞ்சிலும் உண்டு என்று தெரிந்தது. பின்னர்க் கூட்டமாகக் கூவவும் கைதட்டவும் செய்து பார்த்ததிலும் இதுவே விளைந்தது. 1981இல் ஒரு மாற்றம் செய்தனர்: கூட்டத்திலிருந்தாலும் ஒவ்வொருவரது ஓசையும் தனித்தனியே அளக்கப்படுகிறது என்று அறிவித்தனர். சோம்பல் மறைந்தது. கூலியை உயர்த்தவில்லை, அபராதம் போடவில்லை. தன் பங்கு தன் பெயரில் தெரிகிறது என்ற ஒன்றே போதுமாயிருந்தது.

இனி மரத்துக்கு வருவோம். ரிங்கெல்மானின் கயிற்றுச் சோதனையை 2025இல் ஆஸ்திரேலியாவின் மக்குவாரிப் பல்கலைக்கழகத்தார் முயிற்றிடமே செய்து பார்த்தனர். செயற்கை இலையொன்றை விசையளக்கும் கருவியோடு இணைத்து எறும்புகளை இழுக்க விட்டனர். கூட்டம் பெருகப் பெருக ஒவ்வோர் எறும்பின் இழுவையும் குறையவில்லை, ஏறியது. பெருங்கூட்டத்தில் ஓர் எறும்பின் பங்கு, தனித்து இழுத்ததைப்போல் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. சங்கிலியின் முன்னிற்பவை இழுக்க, பின்னிற்பவை கால்களை விரித்து ஊன்றி, இழுத்த அளவு நழுவிப் போகாமல் தாங்கிக்கொள்கின்றன என்று காரணம் கூறினர். தேர் வடம் பிடிக்கும்போது சக்கரத்தின் பின் கட்டை போடுவோனை ஒப்பிட்டுக்கொள்ளலாம். சுசீந்திரம் தேரோட்டத்தில் வடத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் நடந்துவருவோரை நாம் அனைவரும் அறிவோம். முயிற்றுக் கூட்டத்தில் அத்தகையோர்க்கு இடமில்லை போலும்.

'எறும்பைப் பாருங்கள், வெட்கப்படுங்கள்' என்று சொல்லி முடித்துவிடலாம். பள்ளிப் பாடத்தில் அப்படித்தான் முடியும். ஆனால் அது உண்மைக்குப் பொருந்தாது. முதலாவது, எல்லா எறும்பும் எப்போதும் உழைப்பதில்லை. சில இனங்களின் கூட்டத்தைக் குறியிட்டுக் கவனித்தவர்கள், பெரும்பகுதி எறும்புகள் நெடுநேரம் சும்மா இருப்பதைக் கண்டிருக்கின்றனர். இரண்டாவதுதான் பெரிய காரணம். ஒரு முயிற்றுக் குடும்பத்தில் ஐந்து லட்சம் வேலைக்கார எறும்புகள்வரை இருக்கக்கூடும். பல மரங்களில் பல கூடுகளாகப் பரவியிருக்கும். ஆயினும் பொதுவாக அவ்வளவும் ஒரே தாயின் வயிற்றில் பிறந்த பெண்மக்கள். அவ்வேலைக்காரிகளுக்குத் தனிக்குடும்பம் கிடையாது. தாயின் குடும்பம் தழைப்பதே அவர்கள் குடும்பம் தழைப்பது. பிள்ளை பெறாத எறும்பின் தியாகம் எவ்வாறு தோன்றியிருக்கக்கூடும் என்பது டார்வினுக்கே பெருஞ்சிக்கலாக இருந்தது; 1859இல் வெளிவந்த தமது நூலில் அதனை வெளிப்படையாகவே எழுதினார். நெருங்கிய உறவினரைத் தாங்குவதன் வழியாகவும் தன் மரபு தொடரும் என்ற கணக்கை 1964இல் ஹாமில்டன் என்ற ஆங்கில அறிஞர் வகுத்துக் காட்டிய பின்னரே சிக்கல் பெரும்பாலும் அவிழ்ந்தது. கஞ்சிப் பானையருகே நான்கு மணிக்கு நின்ற அம்மையார்க்கும், ஆறு மணிக்கு வந்தவர்க்கும் அத்தகைய இரத்த உறவு ஏதுமில்லை. அவரவர்க்கு அவரவர் அடுப்பு. எறும்பிடம் நாம் எதிர்பார்ப்பதை அவர்களிடம் எதிர்பார்த்தது எமது அறியாமை.

எறும்பு தன் இனத்தானை அறிவது மணத்தால். ஒரு குடும்பத்தின் மணம் உடலில் பூசியிருந்தால் அங்கத்தினர், இல்லையேல் பகைவர். இவ்வங்கத்தினர் பட்டியலிலும் மோசடி நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஒருவகைத் தத்துச்சிலந்தி, முயிற்றின் மணத்தையே தன் மேல் ஏற்றுக்கொண்டு கூட்டுக்குள் புகுந்து, அதன் புழுக்களைத் தின்று வாழ்வதைக் கண்டுபிடித்திருக்கின்றனர். வண்ணத்துப்பூச்சியொன்றின் புழுவோ வேடமும் போடுவதில்லை. தடித்த தோலைக் கவசமாகக் கொண்டு உள்ளேயே கிடந்து தின்கிறது. தறியில்லாமல் தறி எண் பெற்றவரையும், இறந்தவர் பெயரில் நூல் பெற்றவரையும் எமது பணியில் சந்தித்திருக்கிறோம். அவற்றைப் பார்க்கும்போது, அடையாளத்தை மட்டும் கேட்டு வேலையைக் கேளாத சங்கம் எதுவாயினும் அதற்குச் சிலந்தி வந்து சேரும் என்றே தோன்றுகிறது.

பகை என்ற சொல் வந்ததால் அதையும் சொல்லிவிடவேண்டும். ஒரு முயிற்றுக் குடும்பத்தின் ஒற்றுமை அடுத்த குடும்பத்தின் எல்லையோடு முடிகிறது. எல்லையில் சண்டை ஓயாது. இரு குடும்பங்களுக்குமிடையே எவரும் குடியேறாத வெற்று மரங்கள் கிடக்கும். எல்லைக் கூடுகளில் காவலிருப்பவை வயது முதிர்ந்த எறும்புகள் என்பதை ஹோல்டோப்ளர் என்ற ஜெர்மன் அறிஞர் கண்டறிந்தார். இளையவை உட்கூட்டில் குழந்தை வளர்க்க, மூத்தவை எல்லையில் உயிரைக் கொடுக்கின்றன. மனிதர் செய்வது நேர்மாறானது. எது மேலென்று தீர்ப்புக் கூறுவதை வாசகர்களிடமே விடுகிறோம். எறும்பின் ஒற்றுமையைக் காட்டி நாட்டிற்கும் சாதிக்கும் இனத்திற்கும் பாடம் படிப்பவர்கள், அவ்வெற்று மரங்களையும் சேர்த்துக் காட்டவேண்டும் என்று மட்டும் சொல்லுவோம். எறும்பிடம் இல்லாதது அயலானோடு ஒப்பந்தம். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேலில் கடை திறந்த 28 பேருள் நெசவாளர்களும் இருந்தனர். அவர்களிடமிருந்து நமக்கு வந்த நெறிகளில் முதன்மையானது, விரும்பி வருபவர் எவர்க்கும் கதவு திறந்திருக்கவேண்டும் என்பது. எந்த எறும்பும் அதை ஏற்காது.

நமது நாஞ்சில் நாட்டுக்கு இது புதிதுமன்று. பன்னிரண்டு பிடாகைகளாக இருந்த நாடு இது. நாட்டார் கூடிப் பேசித் தீர்த்த வழக்கமும் இங்கிருந்தது. 1906இல் பேச்சிப்பாறை அணை முடிந்து கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் தண்ணீர் வந்தபின்பும், தலைமடைக்காரனும் கடைமடைக்காரனும் ஒரு தாய்ப் பிள்ளைகள் ஆகிவிடவில்லை. வாய்க்காலில் யார் மடை எப்போது திறந்தது என்று மற்றவன் வந்து பார்க்கிறான். அதனால் முறை நடக்கிறது. எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார், ஸ்பெயின், பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளில் நெடுங்காலம் நிலைத்த பாசனக் கூட்டங்களை ஆராய்ந்து 1990இல் எழுதிய நூலிலும் இதுவே கிடைக்கிறது: விதியை வகுத்தவர்களும் காவல் இருப்பவர்களும் தண்ணீர் பெறுபவர்களே. அவருக்கு 2009இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊர் மடை காப்பவர்க்குப் பரிசு ஏதும் கிடைத்ததாகத் தெரியவில்லை, பெரும்பாலும் வசவுதான்.

அன்று மாலை நிர்வாகக் குழு கூடியபோது இரண்டு பொருள்கள் முன்வந்தன. மரத்தைப் பற்றிய முடிவு விரைவில் ஏற்பட்டது. முற்றத்தின்மேல் சாய்ந்திருந்த இரு கிளைகளிலுள்ள கூடுகளை மட்டும் அகற்றுவது, மற்றவற்றை விட்டுவைப்பது. பாட்டா கைகளில் சாம்பல் பூசிக்கொண்டு, இருட்டும் வேளையில் கிளையோடு வெட்டிச் சாக்கிலிட்டுத் தம் தோப்புக்குக் கொண்டுபோனார். அரசி எந்தக் கூட்டில் இருந்தாள் என்பது எவருக்கும் தெரியாது. அவள் சாக்கிலுள்ள கூட்டில் இல்லையாயின் தோப்பில் அவை நெடுநாள் நில்லா. இதை அவரிடம் சொன்னோம். "பார்ப்போம் சார், போனால் ஒரு சாக்குத்தானே" என்றார்.

இரண்டாவது பொருள் எளிதில் முடியவில்லை. எமது பழைய குறிப்பு தவறென்று நாமே எழுத்தில் கொடுத்தோம். சமப் பங்கை விரும்பியவர்கள், முன்னர் நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டனர், கேட்டது நியாயமே. இரவு ஒன்பது மணிக்குமேல் ஒருவாறு ஒப்புக்கொண்டனர்: பாவுக்கு நான்கு பேராகப் பிரிந்துகொள்வது, அந்நால்வரின் பெயர்களை அட்டையில் எழுதிப் பாவிலேயே கட்டித் தறிக்கு அனுப்புவது, இழை அதிகம் அறுமாயின் தறிக்காரர் அவ்வட்டையில் குறிப்பது, கூலியை நால்வரும் தமக்குள் பகிர்ந்துகொள்வது. அட்டைகளைச் சங்கத்துச் சுவரில் மாட்டி வைக்கவேண்டும் என்ற திருத்தத்தை இளம் பெண் அங்கத்தினர் ஒருவர் கொண்டுவந்தார், அதுவும் ஏற்கப்பட்டது.

மறுநாட் காலையில் காரியதரிசியோடு அவ்வம்மையாரின் வீட்டிற்குச் சென்றோம். திண்ணையில் அமரச் சொல்லி மோர் கொடுத்தார். பழைய மனுவில் எழுதியிருந்த உடல்நலமின்மை இப்போது எப்படி என்று கேட்டோம். அவர் காரியதரிசியைப் பார்த்துச் சிறிது சிரித்தார், விடை சொல்லவில்லை. புதிய ஏற்பாட்டை விளக்கி, அட்டையொன்றையும் காட்டி, மீண்டும் சேர்ந்துகொள்ளலாமே அம்மா என்றோம். அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு மாசம் போகட்டும் சார். இந்த அட்டை சுவரில் கிடக்கிறதா என்று வந்து பார்த்துவிட்டுச் சொல்லுகிறேன்" என்றார்.